கொல்லிமலையில் பள்ளிக்கூடத்தை நடத்துவது யார்?

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை சிலவே. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆகாய கங்கை அருவி. மிளகு, பலா, அன்னாசி, மலைவாழை. சித்தர்களையும் மூலிகைகளையும் பற்றிய எண்ணற்ற கதைகள். ஏறுவோர் வயிற்றைக் கலக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாக் கையேடுகள் இவற்றோடு நின்றுவிடுகின்றன. அந்த மலையில் ஆறு வயதுக் குழந்தையொன்று எங்கே எழுத்தறிகிறது, அதற்குக் கற்பிப்பவர் யார், அவருக்கு ஊதியம் தருபவர் யார், பள்ளியின் கூரை ஒழுகினால் யாரிடம் சென்று முறையிட வேண்டும் என்னும் கேள்விகளுக்கு அக்கையேடுகளில் இடமில்லை.

அக்கேள்விகளே இக்கட்டுரையின் பொருள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று, கொல்லிமலையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றி வருகிறார். “ஹஜ்ரத், அருவியைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள், எங்கள் பள்ளியைப் பார்க்க நீங்களாவது வாருங்கள்” என்று பலமுறை அழைத்தார். மதரஸா விடுமுறையில் நான்கு நாட்கள் அங்கே தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அவருடைய ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் அவர் விருப்பப்படியே இங்குக் குறிப்பிடவில்லை.

மலையும் நாடுகளும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் பேருந்து காரவள்ளியை அடைகிறது. அங்கேதான் மலையேற்றம் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். எழுபதையும் எண்ணி முடிக்கையில் சோளக்காடு வந்துவிடுகிறது, அதற்கப்பால் செம்மேடு. ஓரியின் சிலை நிற்கும் இடமும், மலையின் அலுவலகங்கள் கூடியிருக்கும் இடமும் அதுதான்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலையில் மக்கள் வாழும் பகுதி பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இம்மலை, 1997 ஜனவரி முதல் தேதியன்று நாமக்கல் மாவட்டம் தனியே செயல்படத் தொடங்கியபோது அதனுடன் சேர்ந்தது. ஒன்றியம் முழுவதிலும் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என ஒவ்வொன்றின் பெயரிலும் ‘நாடு’ என்ற பழஞ்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசாங்கம் ஊராட்சி என்று பெயரிடுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஊர்க்கவுண்டர், நாட்டுக் கவுண்டர் என்ற வரிசையில் தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்ட மக்கள் அவர்கள்.

இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்து மொழிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக இவர்களிடையே ஒரு வாய்மொழி வரலாறு வழங்குகிறது. ஆகவே நீலகிரியின் சில பழங்குடிக் குழந்தைகளைப் போல, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் என்ற தடை இக்குழந்தைகளுக்கு இல்லை. இவர்களுக்குள்ள தடை வேறு. அது தூரம்.

தூரம் என்பதைச் சமவெளியில் வாழும் நாம் கிலோமீட்டரில் அளந்து பழகியவர்கள். மலையில் அந்த அளவு பொய்த்துப் போகிறது. எதிர்ச் சரிவில் தெரியும் பட்டிக்குக் காக்கை பறக்கும் தூரம் அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடியும் ஏறிச் செல்லும் ஏழு வயதுச் சிறுமிக்கு அது முக்கால் மணி நேர நடை. ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் வகுத்த அளவு. விதியை எழுதியவர் காகிதத்தில் வரைந்த நேர்கோட்டை அச்சிறுமியின் கால்கள் அறியமாட்டா.

பள்ளி மாவட்டம் என்னும் ஏற்பாடு

அமெரிக்க நாட்டில் ‘பள்ளி மாவட்டம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் நாட்டு மாவட்டத்தைப் போன்று ஆட்சியரின் எல்லை அன்று அது. சில சிற்றூர்களோ, ஒரு சிறு நகரமோ சேர்ந்து, தம் பிள்ளைகளின் பள்ளிகளுக்கென்றே அமைத்துக்கொள்ளும் தனி நிர்வாகம். ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் அந்நாட்டில் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் வாக்களித்துப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. வீட்டு வரி, நில வரியில் ஒரு பகுதி அவ்வூர்ப் பள்ளிக்கே போய்ச் சேருகிறது. ஆசிரியரை நியமிப்பதும், பேருந்து விடுவதும், கட்டடம் கட்டுவதும் அந்த வாரியத்தின் பொறுப்பு. அதன் குறையும் வெளிப்படையானது: செல்வர் வாழும் ஊரின் பள்ளி செழிக்கும், வறியவர் வாழும் ஊரின் பள்ளி வாடும். மாநில அரசுகளின் மானியம் அந்த இடைவெளியைக் குறைக்கிறதே தவிர முற்றிலும் நீக்கிவிடவில்லை.

நம் மாநிலத்திலும் இதன் சாயல் ஒரு காலத்தில் இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்வி மன்றங்களை ஏற்படுத்தியது; உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும் வழி செய்தது. பின்னர் 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த அக்காலத்தில், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்ற பெயரில் ஊர் மக்களே நாற்காலியும் கரும்பலகையும் கடிகாரமும் வாங்கித் தந்து பள்ளிகளை நிறைத்தார்கள்.

1981 ஜூன் முதல் தேதியன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஊதியமும் ஓய்வூதியமும் உறுதிப்பட்டன. அது ஆசிரியர்களுக்குச் செய்யப்பட்ட நியாயம். ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று எழுதியிருந்தாலும், ஆசிரியர்மீது அதிகாரம் ஒன்றியத்திடம் இல்லாமற் போயிற்று. 1986இல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் ஏற்பட்டது. 2018இல் மாவட்ட அளவில் எல்லாப் பள்ளிகளும் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆளுகையில் ஒன்றாக்கப்பட்டன. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்றிருந்தவர் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். 2022இல் தொடக்கக் கல்விக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர்கள் மீண்டும் தனியாக நியமிக்கப்பட்டார்கள். பலகைகள் மாறிக்கொண்டே இருந்தன. மலைச் சரிவில் நடக்கும் பிள்ளைக்கு அதனால் தூரம் குறையவில்லை.

ஒரு மலை, இரண்டு துறைகள்

கொல்லிமலையில் நான் புதிதாக அறிந்துகொண்ட செய்தி, ஒரே மலையின் அரசுப் பள்ளிகள் இரு வேறு துறைகளின்கீழ் நடைபெறுகின்றன என்பதாகும்.

முதல் வகை, மேலே சொன்ன ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். இவை பள்ளிக்கல்வித் துறையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, ‘அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி’ எனப்படுபவை. இவற்றை நடத்துவது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் பழங்குடியினர் நல இயக்குநரகம். தமிழகம் முழுவதிலும் இத்தகைய பள்ளிகள் 300க்கும் மேற்பட்டவை உள்ளன. இங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். உணவு, உடை, புத்தகம் யாவும் அரசின் செலவு. பல இடங்களில் தலைமையாசிரியரே விடுதிக் காப்பாளராகவும் இருக்கிறார். பகலில் கணக்குப் பாடம் நடத்தும் அவரே, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வாகனம் தேட வேண்டியவர். இவ்விரண்டுக்கும் மேலாக, மத்திய அரசின் நிதியுதவியோடு நடக்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று செங்கரையில் இருக்கிறது.

இரு துறைகளிலும் பாடநூல் ஒன்றே. பொதுத் தேர்வும் ஒன்றே. ஆனால் நியமனம், இடமாறுதல், கட்டடம் பழுதுபார்த்தல், கோப்புகள் செல்லும் வழி ஆகிய அனைத்தும் வெவ்வேறு. ஒரு பக்கத்துப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருந்து, மறுபக்கத்தில் ஆசிரியர் மிகுந்திருந்தாலும் ஒருவரை ஒரு நாள் அனுப்பிவைப்பது எளிதன்று.

ஒரு சிறு தொடக்கப் பள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது என்று என் மாணவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆசிரியர் விடுப்பு, ஊதியம், மாறுதல் ஆகியவற்றுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடத்திற்கும் சுற்றுச் சுவருக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். குடிநீர்க் குழாய்க்கு ஊராட்சி. நண்பகல் உணவுக்குச் சமூக நலத் துறையின் சத்துணவுத் திட்டம்; அதில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனத் தனிப் பணியாளர்கள். காலை உணவுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினர். பயிற்சிக்கும் பள்ளி மானியத்திற்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம். பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கு வருவாய்த் துறை. பழங்குடியினருக்குரிய நலத் திட்டங்களுக்கு, கொல்லிமலைக்கென்று அமைந்த ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்ட அலுவலகம்.

எட்டு அலுவலகங்கள்; இரண்டு ஆசிரியர்கள்! 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த கணக்கு. ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுள் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டத்திற்கோ பயிற்சிக்கோ அவர் செம்மேட்டுக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கிவிட்டால், அன்று ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர். மாணவர் வருகை, உணவு உண்டோர் எண்ணிக்கை, தேர்வு விவரம் யாவற்றையும் கைப்பேசி வழியே அன்றன்று பதிவு செய்ய வேண்டும். கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் மேட்டுப் பாறை ஒன்று பள்ளிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு ‘ஆபீஸ் பாறை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். என் மாணவர் நண்பகலில் அதன்மேல் நின்று விவரங்களை அனுப்புவதை இரண்டு நாட்கள் கண்டேன்.

குறைகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1982இல் தமிழகத்தில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் மலைப் பள்ளிகளில் செய்திருக்கும் மாற்றத்தை எவரும் மறுக்க இயலாது. காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள் சேர்க்கப்பட்டபோதே, தொலைதூர, மலைப்பகுதிப் பள்ளிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியற்காலையில் தாய் தந்தையர் காட்டு வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில் அடுப்பு மூட்ட ஆளில்லை. பள்ளியில் ஆவி பறக்கும் உப்புமாவோ பொங்கலோ காத்திருக்கிறது என்பதே மார்கழிக் குளிரில் அந்தப் பிள்ளைகளைச் சரிவேற வைக்கிறது. மலைப்பகுதி மாணவர்களுக்கென அரசு வழங்கும் கம்பளிச் சட்டையும் மழை அங்கியும் காலணியும் அவர்களுக்கு ஆடம்பரமல்ல, தேவை.

பெயர்ப் பதிவேட்டில் கரையும் எண்ணிக்கை

அப்படியானால் எது ஆபத்தில் இருக்கிறது? எண்ணிக்கைதான்.

நான் தங்கியிருந்த ஊரின் பள்ளியில் பெயர் பதிந்தோர் 19 பேர். கொல்லிமலையில் நிலம் சிறிது சிறிதாகப் பங்கு பிரிந்துகொண்டே வந்திருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளிக் கிழங்கும், காபியும், மிளகும் வந்துவிட்டன. கிழங்கு பணம் தருகிறது. ஆனால் விலை சரிந்த ஆண்டில் வீட்டில் உண்ணத் தானியம் இல்லை. அப்போது குடும்பங்கள் மலையிறங்குகின்றன. செங்கற்சூளை, கட்டட வேலை, தோட்ட வேலை என்று சில மாதங்கள் சமவெளியிலோ கேரளத்திலோ தங்கிவிடுகின்றன. பிள்ளைகளும் உடன் செல்கிறார்கள். திரும்பி வரும்போது மூன்று மாதப் பாடம் போயிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படியோ ஒட்டிக்கொள்கிறான். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான். பெண் பிள்ளையாயின், நின்ற மறு ஆண்டே திருமணப் பேச்சு எழுகிறது.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியின் ஆயுளும் குறைகிறது. 2019இல் மாணவர் சேர்க்கையின்றிப் போன 40க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றத் தமிழக அரசு முடிவு செய்தது நினைவிருக்கலாம். சமவெளியில் ஒரு பள்ளி மூடப்பட்டால் அடுத்த தெருவில் இன்னொரு பள்ளி உண்டு. சரிவுகளால் பிரிந்த பட்டியில் அவ்வாறு நேர்ந்தால், ஆறு வயதுக் குழந்தை ஒன்று வீட்டைவிட்டு விடுதிக்குப் போக வேண்டும். இல்லையெனில் எழுத்தை விட்டுவிட வேண்டும். விடுதி நல்லதே, ஆயினும் ஆறு வயதில் தாயின் மடியைப் பிரிவது எளிய செயலா? நம் மதரஸாக்களில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் தாய்மாரின் கண்களைக் கண்டவன் என்ற முறையில், இக்கேள்வியின் கனத்தை நான் அறிவேன்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம்

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்துகிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுப்பது, மானியம் செலவாகும் விதத்தைப் பார்வையிடுவது ஆகியவை அதன் கடமைகள். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. அமெரிக்கப் பள்ளி வாரியத்தைப் போன்று வரி விதிக்கும் அதிகாரமோ, ஆசிரியரை நியமிக்கும் அதிகாரமோ இதற்கு இல்லை. எனினும், 1981க்குப் பின் ஊராரின் கையைவிட்டு நழுவிய பள்ளியில் அவர்களுக்கென்று சட்டம் போட்டு வைத்த ஒரே நாற்காலி இதுதான்.

நான் அங்கிருந்த நாட்களில் அக்குழுவின் கூட்டம் நடைபெற்றது. என் மாணவர் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க, பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். தலைவியாக இருப்பவர் ஒரு தாய். இரண்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் அவருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காட்டு வேலையை முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேரே வந்திருந்தார். ஊர்க்கவுண்டரும் வந்து திண்ணையில் அமர்ந்தார். அவர் குழுவில் உறுப்பினர் அல்லர்.

முதலில் குடிநீர்த் தொட்டி பற்றிய பேச்சு. குழாய் உடைந்து நாளாகிறது. முன்பெல்லாம் ஊராட்சித் தலைவரின் வீட்டு வாசலில் போய் நின்றால் ஏதாவது வழி பிறக்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்புச் சென்றதிலிருந்து மனுவோடு ஒன்றிய அலுவலகத்திற்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். மனு எழுதப்பட்டது. அதை யார் கொண்டுபோவது என்பதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. கூலி வேலையை விட்டுவிட்டுச் செம்மேட்டுக்குப் போய் வருபவருக்கு ஒரு நாள் சம்பளம் நட்டம். கடைசியில் தலைவியே, “நானே போறேன் சார். சந்தைக்குப் போற நாள்லயே குடுத்துட்டு வந்துடறேன்” என்றார்.

அடுத்த செய்தி முக்கியமானது. இரண்டு குடும்பங்கள் அடுத்த வாரம் வேலைக்காக மலையிறங்குகின்றன. இரு வீட்டிலும் சேர்த்து மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியர் விவரத்தைப் படித்ததும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தலைவி, அவ்விரு குடும்பத்துத் தாய்மாரையும் பார்த்துக் கேட்டார்: “அக்கா, நீங்க போறதை நான் தடுக்கலை. பொழைப்பு அது. புள்ளைங்களை யாரு வீட்ல விடலாம்னு மட்டும் இப்பவே பேசிடுவோம்.” ஒரு தாய், பாட்டியிடம் விட இசைந்தார். அப்பாட்டிக்கு அரிசி எடுத்துவைப்பது தன் பொறுப்பு என்று திண்ணையிலிருந்து ஊர்க்கவுண்டர் சொன்னார். மற்றத் தாய் இசையவில்லை. “எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாதுங்க. சின்னப் பொண்ணை விட்டுட்டுப் போயி அங்க எப்படிங்க தூங்குவேன்?” என்று கேட்டார். அதற்கு எவரிடமும் மறுமொழி இல்லை.

அதன்பின் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அச்சிறுமி எங்கே போகிறாளோ அந்த ஊரின் அரசுப் பள்ளியில் அவளைச் சேர்ப்பது. போய்ச் சேர்ந்ததும் தந்தை பள்ளிக்குத் தொலைபேசியில் ஊர்ப் பெயரைச் சொல்வது. தலைமையாசிரியர் அந்தப் பள்ளியோடு பேசிப் பதிவை மாற்றுவது. தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். இருவர் கைநாட்டு வைத்தார்கள். கைநாட்டு வைத்த ஒருவரின் மகள் இவ்வாண்டு நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று பின்னர் அறிந்தேன்.

வேலை தேடிப் போகிறவர்களை எந்தக் குழுவும் நிறுத்திவிட முடியாது. மூன்று பிள்ளைகளில் இருவர் ஊரிலேயே தங்கினார்கள், ஒருத்தி போனாள். ஆனால் அவள் எங்கே போனாள் என்பது பள்ளிக்குத் தெரியும். ‘இடைநின்றவர்’ என்ற கட்டத்தில் ஓர் எண்ணாக அவள் விழுந்துவிடவில்லை. எட்டு அலுவலகங்களில் எதுவும் செய்யாத வேலையை ஒரு மணி நேரத்தில் அந்தத் திண்ணை செய்து முடித்தது.

அதிகாரம் எங்கே, அக்கறை எங்கே?

இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் பழங்குடிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில், கிராம சபைகளுக்குச் சிறப்பு அதிகாரங்கள் உண்டு. தமிழகத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே கொல்லிமலைக்கும் இல்லை. சட்டமன்றத்தில் இம்மலையின் குரலாக இருப்பது, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் தொகுதி. பணமோ சென்னையிலிருந்தும் தில்லியிலிருந்தும் வருகிறது. அவ்விரு தலைநகரங்களுக்கிடையே பிணக்கு ஏற்பட்டால் அதன் அதிர்வு இங்கேயும் எட்டுகிறது. 2024–25ஆம் ஆண்டில், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் சேரவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மத்திய அரசுப் பங்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பயிற்சியும் பள்ளி மானியமும் அத்திட்டத்தில்தான் அடங்கியுள்ளன என்பதை மேலே கண்டோம்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. பள்ளியை நடத்தும் அதிகாரம் மேலே இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய அறிவு கீழே, பட்டியில் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எந்தச் சிறுமியின் தாய்க்கு உடல்நலமில்லை, எந்த வீடு அடுத்த வாரம் பூட்டப்படும் என்பதை நாமக்கல் அலுவலகம் அறிய வழியில்லை. அறிந்தவர்களுக்கு அதிகாரம் குறைவு. அதிகாரம் உள்ளவர்களுக்கு அறிய வாய்ப்பில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே சட்டம் போட்டிருக்கும் ஒரு சிறு பாலம்தான் மேலாண்மைக் குழு. பாலத்தில் ஆள் நடந்தால்தான் அது பாலம். நடக்காவிட்டால் அது தீர்மானப் புத்தகத்தில் வெறும் கையெழுத்து.

நம் மஹல்லாக்களுக்கு இது புதிய செய்தியன்று. பள்ளிவாசல் கணக்கையும், மதரஸாவின் மாதச் சந்தாவையும், உஸ்தாதின் சம்பளத்தையும் ஜமாஅத்தார் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வது நம் நடைமுறை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதரஸாக்கள் கல்வி உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவையும் அல்ல. ஆனால் நம் பிள்ளைகளில் கணிசமானோர் பகல் நேரத்தில் அமர்ந்திருப்பது நகராட்சிப் பள்ளியிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும்தான். அப்பள்ளிகளின் குழுவில் நமக்கும் இடம் உண்டு. நம்மில் எத்தனை பேர் அக்கூட்டத்திற்குப் போயிருக்கிறோம்? நம் தாய்மாரில் எத்தனை பேருக்கு அப்படியொரு நாற்காலி தமக்கு உண்டென்று தெரியும்? பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் திருமண அறிவிப்பும் மரண அறிவிப்பும் எழுதுகிற நாம், ‘இன்ன நாளில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், பெற்றோர் தவறாமல் செல்க’ என்று ஒரு வரி சேர்த்தால் சாக்கட்டி தேய்ந்துவிடாது.

வாசக சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். மலையிலே எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு தாய், எட்டு அலுவலகங்களுக்கும் எட்டாத செய்தியைத் தன் ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காத்து நிற்கிறார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது பட்டமன்று. மாதத்தில் ஒரு பிற்பகலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தன் பிள்ளைதான் என்ற எண்ணமும் மட்டுமே. அவை நம் தெருக்களிலும் குறைவில்லாமல் இருக்கின்றன. அடுத்த கூட்டத்திற்கான அறிவிப்பு உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் வந்து சேரும்போது அதை மடித்து அலமாரியில் வைத்துவிடாமல், இன்ஷா அல்லாஹ், எழுந்து புறப்படுங்கள்.